ஏ.ஏ. என்று கையொப்பமிட்டவர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கிளாஸ்கோவைச் சேர்ந்த வில்லியம் லாங் என்பவரின் கைக்கு ஒரு பழைய புத்தகம் வந்தது. பக்கமெல்லாம் அடர்நீலம், அதன்மேல் வெள்ளை வெள்ளையாகக் கடற்பாசிகள். முன்னுரையின் அடியில் 'ஏ.ஏ.' என்று இரண்டே எழுத்துகள். 'அனானிமஸ் அமெச்சூர்' என்று அவர் விரித்துப் படித்துக்கொண்டார். அதாவது, பெயர் சொல்ல விரும்பாத யாரோ ஒரு பொழுதுபோக்காளர்.

அந்த 'ஏ.ஏ.', ஆன்னா அட்கின்ஸ். 1799இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே தாய் இறந்துவிட்டார். தந்தை ஜான் ஜார்ஜ் சில்ட்ரன் பிரிட்டிஷ் மியூசியத்தில் பணியாற்றிய விஞ்ஞானி, ராயல் சொசைட்டியின் செயலாளராகவும் இருந்தவர். மகளுக்கு அந்தச் சங்கத்தின் கதவு திறக்காது. பெண்களை அது உறுப்பினராக ஏற்றுக்கொண்டது 1945இல்தான். ஆனால் அப்பாவின் நண்பர்களை வீட்டுக்கு வரவிடாமல் எந்தச் சங்கமும் தடுக்க முடியாதே! அவர்களில் ஒருவரான ஜான் ஹெர்ஷல் 1842இல் சயனோடைப் முறையை அறிவித்தார். 1843 அக்டோபரிலேயே ஆன்னா தன் கடற்பாசி நூலின் முதல் பகுதியைக் கொண்டுவந்துவிட்டார். ஒளிப்படங்களாலான முதல் நூலாக இன்று கருதப்படுவது அதுதான். ஃபாக்ஸ் டால்பட்டின் புகழ்பெற்ற நூல் அடுத்த ஆண்டுதான் வெளிவரத் தொடங்கியது.

ஏன் கடற்பாசி? வில்லியம் ஹார்வி 1841இல் வெளியிட்ட கடற்பாசிக் கையேட்டில் படங்களே இல்லை. நுண்ணிய இழைகளைக் கையால் வரையும் சிரமம் ஆன்னாவுக்குத் தெரியும். தந்தை மொழிபெயர்த்த லமார்க்கின் சிப்பி நூலுக்கு இருநூறுக்கும் மேற்பட்ட படங்களை வரைந்தவர் அவரே.

முறை எளிது. இரும்பு உப்பு ஒன்றையும் பொட்டாசியம் ஃபெரிசயனைடையும் நீரில் கரைத்துக் கலந்து, தாளில் பூசி, இருட்டில் காயவைக்க வேண்டும். அதன்மேல் பாசியைப் பரப்பிக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் வைத்து, பிறகு தண்ணீரில் அலச வேண்டும். பாசியின் நிழல் விழுந்த இடம் வெள்ளை, மற்றதெல்லாம் நீலம். கேமரா வேண்டாம். (தமிழில் இதை 'நீலப்படம்' என்று சொல்லவும் வழியில்லை. அந்தச் சொல்லை வேறு யாரோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.)

போன கோடையில் நானும் என் மாணவிகளும் மொட்டை மாடியில் முருங்கை இணுக்குகளை வைத்துச் செய்துபார்த்தோம். சென்னை வெயிலுக்குப் பத்து நிமிடம் போதும். முதுகை ஒடித்தது அலசும் வேலைதான். முப்பது தாளுக்கே வாளி வாளியாகத் தண்ணீர் ஏற்ற வேண்டியிருந்தது. ஆன்னாவின் கணக்கு அன்றுதான் எனக்கு உறைத்தது. பத்தாண்டுகள், மூன்று தொகுதிகள், ஏறக்குறைய 400 படங்கள். நெகட்டிவ் கிடையாது. ஒவ்வொரு பிரதியின் ஒவ்வொரு பக்கத்துக்கும் மறுபடி பாசியைப் பரப்பி வெயிலில் வைக்க வேண்டும். பன்னிரண்டு பிரதி என்று வைத்துக்கொண்டாலே 4,800 தாள்கள். எழுத்துகளும் அச்சுக் கோத்தவை அல்ல, அவர் கையால் எழுதி அதே நீலத்தில் பதித்தவை. வீட்டில் இருந்தபடி ஒரு பெண் செய்தால் இதற்குப் பெயர் பொழுதுபோக்கு. 1985இல் லாரி ஷாஃபின் ஆய்வு நூல் வந்த பிறகுதான் ஆன்னாவின் பெயர் பரவலாக அறியப்பட்டது.

பெயரை மீட்டாயிற்று என்று நாம் அங்கேயே நிறுத்திவிடுகிறோம். எனக்கு அந்தத் தண்ணீர் நினைவிலிருந்து போகவில்லை. ஆன்னா வாழ்ந்த ஹால்ஸ்டெட் மாளிகையில் வேலையாட்கள் இருந்தார்கள். வாளி சுமந்தது யார்? ஈரத்தாள்களைக் காயப்போட்டது யார்? நூலில் அவர்களுக்கு இரண்டெழுத்துகூட இல்லை. மாளிகையின் செல்வமோ இன்னும் தொலைவிலிருந்து வந்தது. கணவர் ஜான் பெல்லி அட்கின்ஸின் குடும்பம் மேற்கிந்தியத் தீவுகளுடன் வணிகம் செய்தது. ஜமைக்காவில் அடிமைகளின் உழைப்பில் விளைந்த காப்பியும் அதில் உண்டு.

தந்தை 1852இல் இறந்தபின் சிறுவயதுத் தோழி ஆன் டிக்சன் வந்து உடனிருந்தார். இருவரும் சேர்ந்து 1853இல் பெரணிகளின் தொகுப்பொன்றை உருவாக்கினார்கள். அதன் சில பக்கங்களில், செடியின் பெயருக்கு அருகில், நீலத்தில் வெள்ளையாக ஊர்ப்பெயர் ஒன்று எழுதப்பட்டிருக்கிறது: ஜமைக்கா.