சல்லிவன் நினைவகம், கன்னேரிமுக்கு

நீலகிரி மாவட்டம் கோத்தகிரியை அடுத்துள்ள கன்னேரிமுக்கு என்ற படுகர் ஊரில், ஆங்கிலேயர் கால வீடொன்றில் அமைந்த அருங்காட்சியகம். கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் கட்டிய இவ்வீடு, நீலகிரி மலைமேல் ஐரோப்பியர் கட்டிய முதல் வீடாகக் கருதப்படுகிறது. பெத்தக்கல் பங்களா என்றும் அழைப்பர்.

சல்லிவனின் உதவியாளர்களான விஷ், கின்டர்ஸ்லி இருவரும் 1818இல் மலையேறிப் பார்த்துவிட்டு வந்தனர். அவர்கள் சொன்ன குளிரையும் புல்வெளிகளையும் நேரில் காண 1819 ஜனவரியில் சல்லிவனே புறப்பட்டார். கோத்தகிரிப் பக்கம் திம்பட்டிப் பள்ளத்தாக்கில் முகாமிட்டார். பிறகு இவ்வீடு எழுந்தது. ஆனால் அவர் மனம் உதகையில் நிலைத்தது. 1822இல் அங்கே கல் பங்களாவைக் கட்டத் தொடங்கினார். உதகை ஏரியை உருவாக்கினார். உருளைக்கிழங்கு முதலிய சீமைப் பயிர்களை மலையில் வளர்த்துப் பார்த்தார். உதகையின் புகழில் கன்னேரிமுக்கு மறைந்துபோனது. கொடைக்கானலில் அமெரிக்க மதுரை மிஷன் பாதிரியார்கள் முதல் இரு வீடுகளைக் கட்டியது 1845இல்தான் என்பதைப் பார்த்தால், இச்சிறு வீடு எவ்வளவு முந்தியது என்பது விளங்கும்.

மாளிகை என்று சொல்லத்தக்க கட்டடமன்று. அலங்காரமற்ற மாடி வீடு. நெடுங்காலம் கவனிப்பாரின்றிச் சிதைந்து கிடந்ததை, மாவட்ட ஆட்சியராக இருந்த சுப்ரியா சாகு 2000களின் தொடக்கத்தில் மீட்டுப் புதுப்பிக்கச் செய்தார். இன்று நீலகிரி ஆவண மையம் இங்கே இயங்குகிறது. மலையின் வரலாறு கூறும் பழைய படங்களும் ஆவணங்களும், தோடர், கோத்தர், படுகர், குறும்பர், இருளர் வாழ்வைக் காட்டும் பொருள்களும் வைக்கப்பட்டுள்ளன.

சல்லிவனை மலை நகரத்தின் தந்தை என்று மட்டும் போற்றுவது பாதி வரலாறே. தோடரிடம் ஏக்கர் ஒரு ரூபாய்க்கு நிலம் வாங்கியவர் அவர். அதே மனிதர், இம்மலை நிலம் தோடருக்கே உரியது, விலை கொடுக்காமல் அரசு எடுக்கக்கூடாது என்று கம்பெனி அரசிடம் விடாமல் வாதாடவும் செய்தார். சென்னை ஆளுநராக இருந்த லஷிங்டனுடன் அவருக்கு மோதல் ஏற்பட்டதற்கு இந்நில உரிமையும் ஒரு காரணம். இங்குள்ள பழங்குடியினர் படங்களை இந்த நில உரிமை வாதத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.