படகுச் சார்ஜர்: பொருத்துதலும் வயரிங்கும்

படகுக்குள்ளேயே நிலையாகப் பொருத்தி, கரையிலுள்ள மின்சாரத்தைக் கொண்டு படகின் பேட்டரிகளுக்கு மின்னேற்றும் கருவி படகுச் சார்ஜர். அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏரிகளில் தூண்டில் போடுவோரின் சிறு படகுகளில் இது பரவலாகக் காணப்படுகிறது. கருவி சிறியது என்பதால் அதன் வயரிங்கும் சில்லறை வேலை என்றே பலர் எண்ணுகிறார்கள். ஆனால் வீட்டுச் சுவரில் வரும் 120 வோல்ட் ஏ.சி.யும் பேட்டரியின் 12 வோல்ட் டி.சி.யும் ஈரமான ஒரே அறைக்குள் சந்திப்பது இங்கேதான். டி.சி. பக்கம் தவறினால் தீப்பிடிக்கும், ஏ.சி. பக்கம் தவறினால் ஆள் உயிர் போகும்.

தேவை

1934இல் வட டகோட்டா மாநிலத்தின் ஃபார்கோ நகரில் ஓ. ஜி. ஷ்மிட் என்பவர் ஃபோர்டு மாடல் ஏ காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கொண்டு மீன்பிடிப் படகுக்கான மின்மோட்டாரை உருவாக்கினார். மின் கோட்டா நிறுவனத்தின் தொடக்கம் அது. மீன் கலையாமல் மெல்ல நகர உதவும் இந்த 'டிரோலிங்' மோட்டார் இன்று 12, 24, 36 வோல்ட் அளவுகளில் வருகிறது. அதற்கேற்ப ஒன்று முதல் மூன்று பேட்டரிகள் வேண்டும். பெட்ரோல் எஞ்சினைக் கிளப்பத் தனியாக ஒரு பேட்டரி உண்டு. எஞ்சின் ஓடும்போது அதிலுள்ள ஆல்டர்னேட்டர் பெரும்பாலும் இந்தக் கிளப்பும் பேட்டரியை மட்டுமே கவனித்துக்கொள்கிறது. பகல் முழுதும் வடிந்துபோன மற்றவற்றை இரவில் கரை மின்சாரத்தில்தான் நிரப்பியாக வேண்டும்.

100 ஆம்பியர்-மணி பேட்டரி பாதி வடிந்திருந்தால் 10 ஆம்பியர் சார்ஜர் அதை நிரப்பக் கணக்குப்படி 5 மணி நேரம் ஆகும். கடைசிக் கட்டத்தில் ஈய-அமில பேட்டரி மின்னோட்டத்தை மெதுவாகவே ஏற்கும் என்பதால் நடைமுறையில் இன்னும் சில மணி நேரம் கூடும். வழக்கமான சார்ஜர் முதலில் முழு மின்னோட்டத்தைச் செலுத்துகிறது, மின்னழுத்தம் 14.4 முதல் 14.8 வோல்ட் வரை ஏறியதும் அதை அங்கேயே நிறுத்தி வைக்கிறது, நிரம்பியபின் 13.2 முதல் 13.6 வோல்ட்டுக்கு இறங்கிக் காவல் காக்கிறது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு இந்த ஒழுங்கு பொருந்தாது. அதற்கெனத் தனி அமைப்புள்ள சார்ஜர் வேண்டும். உறைநிலைக்குக் கீழே அதற்கு மின்னேற்றவும் கூடாது.

தனித்தனி வெளியீடுகள்

இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் பெறும் படகில் ஒவ்வொரு பேட்டரிக்கும் சார்ஜரிலிருந்து தனி ஜோடி வயர் செல்கிறது. தொடர் இணைப்பைக் கழற்றாமலே இரண்டுக்கும் 12 வோல்ட்டாகவே மின்னேற்றலாம். சார்ஜரின் வெளியீடுகள் உள்ளே ஒன்றோடொன்று தொடர்பற்றவையாக இருந்தால்தான் இது நடக்கும். தொடரில் முதல் பேட்டரியின் பாசிட்டிவ் முனையும் இரண்டாவதன் நெகட்டிவ் முனையும் ஒரே புள்ளி. வெளியீடுகளுக்குப் பொது நெகட்டிவ் இருந்தால், முதல் பேட்டரியின் இரு முனைகளும் சார்ஜர் வயர் வழியாக நேரடியாகச் சேர்ந்து குறுக்குச்சுற்று ஆகிவிடும். மலிவு விலையில் எதையாவது வாங்கிப் பொருத்துமுன் இந்த ஒன்றையாவது பார்த்துக்கொள்வது நல்லது.

ஃபியூஸும் வயரும்

சார்ஜர் 10 ஆம்பியர்தானே தருகிறது, ஃபியூஸ் எதற்கு என்பது அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. அஞ்ச வேண்டியது சார்ஜருக்கு அல்ல, பேட்டரிக்கு. வயரின் காப்பு உரசித் தேய்ந்து பாசிட்டிவும் நெகட்டிவும் தொட்டுக்கொண்டால் நல்ல பேட்டரி ஆயிரம் ஆம்பியருக்கு மேலும் பாய்ச்சும். மெல்லிய வயர் நொடிகளில் பழுத்துவிடும். ஆகவே ஃபியூஸ் பேட்டரிப் பக்கத்தில் இருக்க வேண்டும். அமெரிக்க போட் அண்ட் யாட் கவுன்சிலின் தரநெறி, இணைப்பு முனையிலிருந்து 7 அங்குலத்துக்குள் ஃபியூஸ் வேண்டும் என்கிறது. வயர் நேரே பேட்டரி முனையில் தொடங்கி, முழு நீளமும் உறைக்குள் சென்றால் 72 அங்குலம் வரை விலக்கு உண்டு. 1954இல் தொடங்கப்பட்ட இந்தக் கவுன்சிலின் நெறிகள் சட்டம் அல்ல. ஆனாலும் படகு கட்டுவோரும் காப்பீட்டாளரும் அவற்றையே அளவுகோலாகக் கொள்கின்றனர்.

பல சார்ஜர்களின் வயரிலேயே ஃபியூஸ் கோத்து வருகிறது. மிச்ச நீளத்தைச் சுருட்டிக் கட்டி வைப்பதே முறை. அழகுக்காகப் பேட்டரிப் பக்கம் வெட்டிக் குறைப்பவர்கள் ஃபியூஸையும் சேர்த்து வெட்டிவிடுகிறார்கள்.

முன்முனையில் உள்ள பேட்டரிக்கு வயரை நீட்டுவது இன்னொரு வேலை. போக 15 அடி, வர 15 அடி என்று 30 அடி ஓடும் 14 கேஜ் வயரில் 10 ஆம்பியர் சென்றால் முக்கால் வோல்ட் இழப்பாகும். சார்ஜர் தன் முனையில் 14.4 வோல்ட்டைக் காணும்போது பேட்டரிக்கு 13.7க்கும் குறைவாகவே கிடைக்கும். சார்ஜர் அவசரப்பட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட, மின்னேற்றம் இழுத்துக்கொண்டே போகும். அதே தூரத்துக்கு அதைவிடத் தடிமனான 10 கேஜ் வயர் போட்டால் இழப்பு 0.3 வோல்ட், 12 வோல்ட்டில் 3 சதவீதம் என்ற வரம்புக்குள் அது அடங்கும்.

வயர் வெள்ளீயம் பூசிய, பல மெல்லிழைச் செம்பாக இருக்க வேண்டும். வீட்டு வயரிங்கின் ஒற்றைக் கம்பி படகின் அதிர்வில் முறிந்துவிடும். முனைகளைக் கிரிம்ப் செய்து, உள்ளே பசையுள்ள சுருங்குகுழாய் போடுவது வழக்கம். சால்டரை மட்டும் நம்பிய இணைப்புக்கும், முறுக்கி மாட்டும் தொப்பி இணைப்பான்களுக்கும் தரநெறியில் இடமில்லை.

நிறத்தில் ஓர் அபாயம் ஒளிந்திருக்கிறது. அமெரிக்க ஏ.சி. வயரிங்கில் கறுப்புதான் ஃபேஸ். வெள்ளை நியூட்ரல், பச்சை எர்த். டி.சி.யிலோ காலங்காலமாகக் கறுப்பு நெகட்டிவ். நெகட்டிவ் என்று எண்ணி 120 வோல்ட்டைத் தொட்டுவிடக் கூடாது என்பதற்காகவே டி.சி. நெகட்டிவுக்கு மஞ்சள் நிறம் பரிந்துரைக்கப்படுகிறது. கறுப்பை நியூட்ரலாகப் பார்த்துப் பழகிய இந்திய எலெக்ட்ரீஷியன் அங்கே வேலை செய்தால் இருமடங்கு கவனம் வேண்டும்.

சார்ஜர் வயர்களை மெயின் ஸ்விட்சுக்கு வெளியே நேரே பேட்டரி முனைகளில் மாட்டுவது வழக்கம். ஸ்விட்ச் அணைந்திருந்தாலும் மின்னேற்றம் நடக்க வேண்டும் அல்லவா. மாட்டும்போது பேட்டரி இணைப்புகள் முதலில், கரை மின்சாரம் கடைசியில், கழற்றும்போது தலைகீழ்.

இடம்

பேட்டரிக்கு நேர் மேலே சார்ஜர் இருக்கக் கூடாது. ஈய-அமில பேட்டரி மின்னேறும்போது ஹைட்ரஜன் வெளிவரும். அதோடு எழும் அமிலத் துளிகள் சார்ஜரை அரிக்கும். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே ஒரு பொறி போதும், ஆகவே காற்றோட்டம் கட்டாயம். பெட்ரோல் ஆவி சேரக்கூடிய அறை என்றால் பொறி வெளிப்படாதபடி அடைப்புள்ள சார்ஜரே ஏற்றது. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் விதி, 90 பவுண்டு விசையோ பேட்டரி எடையின் இருமடங்கோ, எது குறைவோ அந்த விசையில் இழுத்தாலும் பேட்டரி ஓர் அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது என்கிறது. வெளிமோட்டார் மட்டும் உள்ள படகுகளை அந்த விதி கட்டுப்படுத்தாது. அலையில் துள்ளும் பேட்டரி எஞ்சின் எது என்று பார்ப்பதில்லை என்பதால் அங்கேயும் அதைப் பின்பற்றுவதே புத்திசாலித்தனம்.

கரை மின்சாரம்

வெளியீட்டுக்கு 10 ஆம்பியர் வீதம் இரண்டு வெளியீடுள்ள சார்ஜர் 120 வோல்ட்டில் ஏறத்தாழ 3 அல்லது 4 ஆம்பியர்தான் இழுக்கும். சாதாரண 15 ஆம்பியர் பிளக் பாயின்ட் போதும். அந்தப் பாயின்ட்டில் 5 மில்லியாம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் கசிவுக் காப்பு இருக்க வேண்டும். அது அடிக்கடி துண்டித்தால் காப்பை மாற்றாமல் கசிவைத் தேட வேண்டும். எர்த் முள்ளை ஒடித்துவிட்டுச் செருகுவது பழுதான சார்ஜரின் உலோக உறைக்கு மின்சாரம் ஏற்றி வைப்பதற்குச் சமம்.

டிரெய்லரில் ஏற்றி வீட்டுக் கொட்டகையில் நிற்கும் படகுக்கு மின்னேற்றுவதில் ஆபத்து குறைவு. அதே படகு ஏரித் துறையில் மிதந்தபடி மின்னேறினால் கணக்கு மாறிவிடுகிறது. சார்ஜரில் கசிந்த ஏ.சி., எர்த் வயர் அறுந்திருந்தால், டி.சி. நெகட்டிவ் வழியாக மோட்டாரின் புரொப்பெல்லருக்கு வந்து தண்ணீரில் இறங்கும். உப்பு நீர் நன்றாகக் கடத்துவதால் கடலில் மின்னோட்டம் உடலைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. நன்னீரோ மோசமான கடத்தி; அங்கே நீந்துபவரின் உடலே எளிய பாதையாகிறது. தசைகள் செயலிழந்து அவர் மூழ்கிப்போகிறார். பிரேதப் பரிசோதனையில் அது சாதாரண மூழ்கலாகவே தெரியக்கூடும். நிலையான கரைமின் அமைப்புள்ள படகுகளில் 30 மில்லியாம்பியர் கசிவைக் கண்டதும் நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் துண்டிக்கும் கருவி வைக்கச் சொல்வது இதனால்தான். அந்தக் கருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும், படகுகளுக்கு மின்சாரம் கொடுத்திருக்கும் நன்னீர்த் துறையில் யாரும் நீந்த இறங்கக் கூடாது.