சேப்பாக்கத்து மரத்தடியும் நம் மைதானத்துப் பூட்டும்



நம் பொது மைதானத்துக்குக் கம்பி வேலி போட்டு, கேட்டைப் பூட்டிவிடலாம் என்று சென்ற கூட்டத்தில் பேச்சு வந்தது நினைவிருக்கும். ஊருக்குள்ளிருந்து வரும் பிள்ளைகளும், பட்டாசு ஆலை வேலை முடித்து வரும் இளைஞர்களும் சாயங்காலம் இங்கே கிரிக்கெட் ஆடுகிறார்கள், பந்து ஜன்னலில் படுகிறது என்பது புகார். என் வீட்டு ஜன்னலும் அதில் சேர்த்தி. முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது. அதற்குள் சென்னை சேப்பாக்கம் மைதானத்தின் பழைய கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

1846-ல் அலெக்சாண்டர் அர்பத்நாட் என்ற ஆங்கிலேய அதிகாரி மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பைத் தொடங்கினார். முதலில் தீவுத்திடலில் ஆடினார்கள். ஆற்காடு நவாபின் சேப்பாக்கம் அரண்மனை அரசாங்கத்தின் கைக்குப் போனபின், 1860-களில் அதன் பின்புறத்து நிலத்துக்கு கிளப் இடம் மாறியது. வெள்ளைக்காரர்களுக்கான கிளப். நம்மவர்கள் எதிரணியாக ஆட வரலாம். ஆனால் பெவிலியனில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. மதியச் சாப்பாடு மரத்தடியில்தான் என்று சொல்வார்கள்.

இதைப் பொறுக்காதவர் மயிலாப்பூர் லஸ் பகுதியில் வாழ்ந்த புச்சி பாபு நாயுடு. வசதியான குடும்பம். அவர் மனு எழுதிக்கொண்டு உட்காரவில்லை. 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கி, கைக்காசு போட்டு நம் பையன்களுக்கு ஆட்டம் பழக்கினார். ஐரோப்பியர்களும் இந்தியர்களும் சரிசமமாக மோதும் பிரசிடென்சி ஆட்டத்துக்கு வழி செய்தவரும் அவர்தான். 1908-ல் முதல் ஆட்டம் நெருங்கிய வேளையில் காலமாகிவிட்டார். நாற்பது வயதுதான். பிறகு அந்த ஆட்டம் பொங்கல் சமயத்தில் நடக்கும் திருவிழாவாகவே ஆனது.

வேலி நம் நாட்டு வழக்கம் மட்டுமல்ல. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் கால்பந்து கிளப் 1859-ல் தனி விதிகள் எழுதி ஒரு புதுக் கால்பந்தையே உண்டாக்கியது. பக்கத்திலிருந்த கிரிக்கெட் மைதானத்தில் அவர்களுக்கு இடம் இல்லை. புல் கெட்டுவிடுமாம்! வெளியே பூங்காவில் மரங்களுக்கு நடுவே ஆடினார்கள். இன்று அதே மைதானத்தில்தான் அந்தக் கால்பந்தின் இறுதிப் போட்டி நடக்கிறது.

சேப்பாக்கத்திலும் காலம் மாறியது. 1934 பிப்ரவரியில் அங்கே முதல் டெஸ்ட். அதே ஆண்டு நவம்பர் 4-ல் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம். மைசூரை மெட்ராஸ் ஒரே நாளில் முடித்துவிட்டது. 1952 பிப்ரவரி 10 அன்று இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைக் கண்டதும் இங்கேதான். இங்கிலாந்துக்கு எதிராக, இன்னிங்ஸ் வித்தியாசத்தில்! வினூ மன்கட் 12 விக்கெட் எடுத்தார். மரத்தடியில் சாப்பிட்டவர்களில் யாராவது அன்று கூட்டத்தில் இருந்திருப்பார்களா என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

என் அனுபவத்துக்கு வருகிறேன். 1986 செப்டம்பர் 22, திங்கட்கிழமை. நான் கவுண்டரில், டிராயருக்குள் டிரான்சிஸ்டர். ஆஸ்திரேலியா வைத்த இலக்கு 348. கடைசி ஓவரில் ஸ்கோர் சமமானது. ஐந்தாவது பந்தில் மணீந்தர் சிங் எல்பிடபிள்யூ. 347-ல் ஆட்டம் டை! டெஸ்ட் வரலாற்றில் அப்படி முடிந்தது அதற்கு முன் ஒரே தடவை, 1960-ல் பிரிஸ்பேனில். அன்று மாலை என் கேஷ் கணக்கு டேலி ஆகவில்லை; ஏழு மணி வரை உட்கார வேண்டியதாயிற்று.

ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது 1999 ஜனவரி 31. முதுகுவலியோடு டெண்டுல்கர் 136 அடித்தும் பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்றோம். அரங்கம் சற்று நேரம் வாயடைத்துப்போனது. பிறகு எழுந்து நின்று பாகிஸ்தான் வீரர்களுக்குக் கை தட்டியது. அவர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். ஒரு காலத்தில் சொந்த ஊர்க்காரனையே மரத்தடியில் உட்கார வைத்த இடம் அது.

அடுத்த கூட்டத்தில் என் ஓட்டு பூட்டுக்கு எதிராகத்தான். ஜன்னல் பக்கம் வலை கட்டுவதற்கு என் பங்கை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறேன். உடைந்த கண்ணாடியை மாற்றியாகிவிட்டது, 340 ரூபாய். உடைத்த பையன் மறுநாளே வந்து, "தாத்தா, நான்தான்" என்றான். இடது கைப் பந்துவீச்சாளன், நன்றாகவே போடுகிறான்.