எலியின் வாலிலிருந்து கரப்பான் மருந்து வரை

இருபதாம் நூற்றாண்டின் முதல் கால்பகுதியில் உணவியலார் கொழுப்பை உடலுக்கான எரிபொருளாகவே கருதினர். மாவுச்சத்திலிருந்தும் சர்க்கரையிலிருந்தும் உடல் தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானே ஆக்கிக்கொள்ளும் என்பது தெரிந்திருந்ததால், வெண்ணெயிலும் மீனெண்ணெயிலும் கரைந்திருக்கும் வைட்டமின்களை வேறு வழியில் கொடுத்துவிட்டால், உணவில் கொழுப்பு அறவே இல்லாமற் போனாலும் கேடில்லை என்று பலரும் எண்ணினர். இந்த எண்ணத்தை முதலில் தகர்த்தது ஒரு தோல்நோய். உணவுக் கொழுப்புக்கும் தோல் அழற்சிக்கும், அதாவது தோல் சிவந்து தடித்துச் செதில் உதிரும் நிலைக்கும், உள்ள தொடர்பைப் பற்றிய அறிவியல் வரலாறு அந்நோயிலிருந்தே தொடங்குகிறது.

கலிபோர்னியாவின் பெர்க்லியில் வைட்டமின் ஈ ஆராய்ச்சியில் முன்னோடியான ஹெர்பர்ட் எவான்ஸுடன் பணியாற்றிய ஜார்ஜ் பர், 1928இல் மினசோட்டா பல்கலைக்கழகத்துக்கு மாறியபின், தம் மனைவி மில்ட்ரெட் பர்ருடன் இணைந்து எலிகளுக்குக் கொழுப்பு முற்றும் நீக்கிய உணவைக் கொடுத்துப் பார்த்தார். பாலிலுள்ள கேசீன் என்னும் புரதத்தைக் கொழுப்பின் சுவடும் இல்லாமல் தூய்மை செய்து, அதனுடன் வெள்ளைச் சர்க்கரை, உப்புக் கலவை, கொழுப்பு நீக்கிய ஈஸ்ட் ஆகியவற்றைச் சேர்த்து, மீனெண்ணெயிலிருந்து வைட்டமின் பகுதியை மட்டும் பிரித்தெடுத்துக் கலந்த உணவு அது. இதை உண்டு வளர்ந்த எலிக்குட்டிகளுக்கு இரண்டு மூன்று மாத வயதில் வால் தடித்து, வரிவரியாகச் செதில் படர்ந்தது. பின்னங்கால்கள் சிவந்து வீங்கின. முகத்திலும் முதுகிலும் மயிர் உதிர்ந்தது. நோய் முற்றியபோது வாலின் நுனி கருகி உதிர்ந்தது. சிறுநீரில் இரத்தம் கலந்தது. வளர்ச்சி நின்று, இறுதியில் எலிகள் மடிந்தன. நோயுற்ற எலிகளின் உணவில் சில சொட்டுப் பன்றிக் கொழுப்பைச் சேர்த்தபோது அவை தேறின.

1929ஆம் ஆண்டிலும் 1930ஆம் ஆண்டிலும் வெளியிட்ட கட்டுரைகளில் பர் தம்பதியர் இரண்டு முடிவுகளை முன்வைத்தனர். கொழுப்பு இல்லாமையே இந்நோயை உண்டாக்குகிறது என்பது ஒன்று; எல்லாக் கொழுப்பும் இதைத் தீர்ப்பதில்லை, லினோலெயிக் அமிலம் இருந்தால்தான் தீரும் என்பது மற்றொன்று. கொழுப்பு அமிலம் என்பது கொழுப்பின் அடிப்படைக் கூறான கரிமச் சங்கிலி. அச்சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் இருந்தால் அது நிறைவுறா அமிலம் எனப்படும். குசும்பா, சூரியகாந்தி, மக்காச்சோளம் ஆகியவற்றின் எண்ணெய்களில் மிகுந்திருக்கும் லினோலெயிக் அமிலம் இவ்வகையைச் சேர்ந்தது. இதை உடலால் ஆக்கிக்கொள்ள இயலாது. ஆகவே இதையும் இதைப் போன்றவற்றையும் இன்றியமையாக் கொழுப்பு அமிலங்கள் என்று அவர்கள் வகுத்தனர். நோயுற்ற எலிகள் மிகுதியாகத் தண்ணீர் குடித்தும் சிறுநீர் அதற்கேற்பப் பெருகவில்லை என்பதையும் அவர்கள் குறித்துவைத்தனர். தோலின் வழியே நீர் ஆவியாகி வெளியேறுவதே இதற்குக் காரணம் என்பதும், தோலின் மேலடுக்கில் நீரைத் தடுத்து நிறுத்தும் செராமைடு என்னும் கொழுப்புப் பொருள்களில் சில உருவாவதற்கு லினோலெயிக் அமிலம் தேவை என்பதும் பல பத்தாண்டுகளுக்குப் பின்னரே தெளிவாயின.

மினசோட்டாவிலேயே குழந்தை மருத்துவராக இருந்த ஆரில்டு ஹான்சன், எலியின் செதில் தோலுக்கும் கைக்குழந்தைகளுக்கு வரும் எக்சிமா என்னும் கரப்பானுக்கும் ஒற்றுமை இருக்கக்கூடும் எனக் கருதினார். கரப்பான் கண்ட குழந்தைகளின் இரத்தத்தை ஆராய்ந்து, அதிலுள்ள கொழுப்பு அமிலங்களின் அயோடின் எண் குறைந்திருப்பதாக 1933இல் அவர் வெளியிட்டார். அயோடின் எண் என்பது ஒரு கொழுப்பு எவ்வளவு அயோடினை ஏற்கிறது என்பதைக் கொண்டு அதன் நிறைவுறாத் தன்மையை மதிப்பிடும் அளவு. இதைத் தொடர்ந்து நிறைவுறாக் கொழுப்பு மிகுந்த எண்ணெய்களும் பன்றிக் கொழுப்பும் கரப்பானுக்கு உள்மருந்தாகக் கொடுக்கப்பட்டன. சிலர் குணம் கண்டதாக எழுத, சிலர் பயனில்லை என்றனர். இதே குழுவினர் 1938இல் வெளியிட்ட ஆய்வில், வில்லியம் பிரவுன் என்னும் ஆராய்ச்சியாளர் ஆறு மாதம் கொழுப்பு மிகக் குறைந்த உணவையே உண்டும் அவருடைய தோலுக்கு ஒன்றும் நேரவில்லை. அவரை நெடுங்காலம் வருத்திய ஒற்றைத் தலைவலியும் அந்நாள்களில் வராமல் நின்றது. வளர்ந்தவரின் உடலில் சேர்ந்திருந்த கொழுப்பே அவரைக் காத்தது என்று பின்னாளில் விளக்கப்பட்டாலும், மனிதனுக்கு இந்த அமிலம் தேவையே இல்லை என்று வாதிட்டவர்களுக்கு அந்த ஆய்வு அப்போது வலுச் சேர்த்தது.

ஐயம் தீர மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று. டெக்சாஸின் கால்வெஸ்டனுக்கு இடம்பெயர்ந்த ஹான்சன், 428 கைக்குழந்தைகளுக்கு வெவ்வேறு பால் கலவைகளைக் கொடுத்து நிகழ்த்திய ஆய்வு 1963இல் வெளிவந்தது. உணவாற்றலில் லினோலெயிக் அமிலத்தின் பங்கு 0.1 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த கலவையிலிருந்து 7 விழுக்காட்டைத் தாண்டிய கலவை வரை அதில் இருந்தன. கொழுப்பு நீக்கிய பாலில் வளர்ந்த குழந்தைகளின் தோல் வறண்டு, தடித்து, உரிந்தது. மடிப்புகளில் சிவந்து புண்ணானது. லினோலெயிக் அமிலத்தைச் சேர்த்ததும் இவை மறைந்தன. அடுத்த பத்தாண்டில் மருத்துவமே இந்நோயை மீண்டும் உண்டாக்கியது. குடல் செயலிழந்தவர்களுக்குச் சிரைவழியே முழு உணவையும் செலுத்தும் முறை பரவியபோது, கொழுப்புச் சேராத சர்க்கரைக் கரைசலையே பெற்ற நோயாளிகளிடம் அதே செதில் அழற்சி தோன்றியது. சூரியகாந்தி எண்ணெயைத் தோலில் பூசியே இக்குறையைச் சரிசெய்யலாம் என்று 1974இல் பிரிட்டனில் வெளியான ஆய்வு காட்டியது.

இதற்கிடையே கொழுப்பு அமிலங்களுக்கு மற்றொரு பணியும் உண்டு என்பது வெளிப்பட்டது. உல்ஃப் வான் ஆய்லர் 1930களில் பெயரிட்ட புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள்கள், லினோலெயிக் அமிலத்திலிருந்து உடலில் உருவாகும் அராக்கிடோனிக் அமிலத்தின் வழிவந்தவை என்பதை 1964இல் ஸ்வீடனிலும் நெதர்லாந்திலும் இருந்த ஆய்வுக்குழுக்கள் நிறுவின. வீக்கத்தையும் சிவப்பையும் வலியையும் தூண்டுவதில் இவற்றுக்குப் பங்கு உண்டு. ஆஸ்பிரின் இவற்றின் உற்பத்தியைத் தடுத்தே வேலை செய்கிறது என்பதை ஜான் வேன் 1971இல் காட்டினார். இப்பணிகளுக்காக ஸ்வீடன் ஆய்வாளர்களான சுனே பெர்க்ஸ்ட்ராம், பெங்ட் சாமுவெல்சன் ஆகியோரும் வேனும் 1982இல் நோபல் பரிசு பெற்றனர். சொரியாசிஸ் எனப்படும் காளாஞ்சகப்படையின் தடிப்புகளில் அராக்கிடோனிக் அமிலம் மிகுந்திருப்பது 1975இலேயே கண்டறியப்பட்டிருந்தது. ஆக, இல்லாமையால் தோலைக் கெடுத்த கொழுப்பு, தன் வழித்தோன்றல்களால் அழற்சியை வளர்ப்பதும் ஆயிற்று.

இந்த அறிவிலிருந்து இரண்டு மருந்துகள் பிறந்தன. கடல்விலங்குகளையும் மீனையும் உண்டு வாழ்ந்த கிரீன்லாந்து மக்களிடம் சொரியாசிஸ் அரிது என்ற பதிவைக் கொண்டும், மீனெண்ணெயின் ஒமேகா-3 அமிலங்கள் அராக்கிடோனிக் அமிலத்துடன் போட்டியிட்டு அழற்சியைத் தணிக்கும் என்ற வேதியியலைக் கொண்டும் மீனெண்ணெய் பரிந்துரைக்கப்பட்டது. சிறு ஆய்வுகள் சில நம்பிக்கை தந்தபோதிலும், 1993இல் வெளியான, 145 சொரியாசிஸ் நோயாளிகளை நான்கு மாதம் கண்காணித்த ஆய்வில், மீனெண்ணெய் மக்காச்சோள எண்ணெயைவிடச் சிறந்ததாக இல்லை. கரப்பானில் குறைவது லினோலெயிக் அமிலம் அன்று, அதிலிருந்து அடுத்துப் பிறக்கும் காமா-லினோலெனிக் அமிலமே என்ற ஆராய்ச்சியாளர் டேவிட் ஹாரோபினின் கருத்தைத் தொடர்ந்து, அவ்வமிலம் கொண்ட ஈவ்னிங் பிரிம்ரோஸ் விதையெண்ணெய் பிரிட்டனில் கரப்பான் மருந்தாக உரிமம் பெற்றது. பயன் போதிய அளவு மெய்ப்பிக்கப்படவில்லை என்று 2002இல் அந்த உரிமம் விலக்கப்பட்டது. அவ்வெண்ணெய் பற்றியும் அதைப் போன்ற போரேஜ் எண்ணெய் பற்றியும் நடந்த 27 ஆய்வுகளைத் தொகுத்த 2013ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, மருந்தில்லா வெற்று மாத்திரையை விட இவை மேலானவை அல்ல என்று முடித்தது.

ஹான்சன் தொடங்கி ஹாரோபின் வரை ஒரே அனுமானம் தொடர்ந்து வந்திருப்பதை இவ்வரலாறு காட்டுகிறது. ஒரு சத்தின் குறையால் வந்த நோயை அச்சத்து தீர்ப்பதைக் கண்டவர்கள், அதே தோற்றமுள்ள, ஆனால் குறையால் வராத நோயையும் அது தீர்க்கும் என எதிர்பார்த்தனர். செதிலும் சிவப்பும் பல காரணங்களால் தோன்றக்கூடியவை என்பதால், தோற்ற ஒற்றுமையைக் கொண்டு மருந்தை முடிவு செய்தது பிழையாயிற்று. மாறாக, உண்மையான குறையைக் கண்டு தீர்த்த இடங்களில் இந்த ஆராய்ச்சியின் பயன் நிலைத்துவிட்டது: குழந்தைப் பால்மாவில் லினோலெயிக் அமிலத்தின் அளவு இன்று விதிக்கப்பட்டிருப்பதும், சிரைவழி உணவில் கொழுப்புக் கரைசல் சேர்க்கப்படுவதும் அதன் பயனே.