ஸ்பாஞ்சி அந்துப்பூச்சி

ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் இயல்பாக வாழ்வது; வட அமெரிக்காவில் மனிதர் கொண்டுசேர்த்தது. அறிவியல் பெயர் லைமான்ட்ரியா டிஸ்பார். லின்னேயஸ் 1758இல் ஃபலீனா டிஸ்பார் எனப் பெயரிட்டார். லைமான்ட்ரிடே என்ற தனிக் குடும்பத்தில் நெடுங்காலம் இருந்தது. இன்றைய வகைப்பாட்டில் எரிபிடே குடும்பத்தைச் சேர்ந்தது. ஆண் பழுப்பு, பெண் வெண்மை. ஐரோப்பிய வகைப் பெண்ணுக்குச் சிறகுண்டு, பறக்க இயலாது.

மரப்பட்டை, சுவர், வண்டி என அகப்பட்ட இடத்தில் பெண் சில நூறு முட்டைகளை ஒரே குவியலாக இட்டு, தன் உடல் மயிரால் மூடிவிடும். ஓக் துளிர்க்கும்போது முட்டை பொரியும். இளம்புழு நூலில் தொங்கிக் காற்றோடு போகும். முதிர்ந்த கம்பளிப்புழுவின் முதுகில் ஐந்து இணை நீலப் புள்ளிகளும் ஆறு இணை சிவப்புப் புள்ளிகளும் உண்டு. ஓக், பிர்ச், லிண்டன், ஆப்பிள் எனத் தோப்பு, வீதி, பூங்கா எதையும் விடாது. இலை முழுதும் இழந்த மரம் மறுபடி துளிர்க்கும். அடுத்தடுத்த ஆண்டுகளிலும் இழந்தால் பட்டுப்போகும்.

அமெரிக்காவில் இது பரவியதற்கு ஒருவரின் கவனக்குறைவே காரணம். பிரான்சில் பிறந்த எத்தியேன் லியோபோல்ட் த்ரூவெலோ, மாசசூசெட்ஸ் மாநிலத்து மெட்ஃபோர்டில் பட்டுப்புழு வளர்த்தவர். 1860களின் இறுதியில் அவர் வரவழைத்து வளர்த்த இப்பூச்சிகளில் சில தப்பின. அவரோ பின்னர் வானியலுக்கு மாறி, கோள்களின் அழகிய ஓவியங்களால் புகழ்பெற்று, 1882இல் பிரான்சு திரும்பினார். 1889இல் மெட்ஃபோர்டின் நிழல்மரங்கள் மொட்டையாயின. வேலியும் சுவரும் நடைபாதையும் புழுக்களால் மூடப்பட்டன. மறு ஆண்டு மாநில அரசு ஒழிப்புப் பணியைத் தொடங்கியது. அடிமரத்தில் சாக்குத்துணி சுற்றிப் புழுக்களைப் பிடித்தார்கள், முட்டைகளை அழித்தார்கள். பலன் தெரிந்த நேரத்தில், 1900இல், செலவு மிகுதி என்று பணியை நிறுத்தியது பெரும்பிழை. 1905இல் மீண்டும் தொடங்கியபோது பூச்சி கைமீறியிருந்தது.

பூச்சியை ஒழிக்கக் கையாண்ட வழிகளும் தீங்கு செய்தன. இப்பூச்சிக்காகவே உருவான ஈய ஆர்சனேட் பின்னர் ஆப்பிள் தோட்டங்களுக்கும் சென்றது. அந்நஞ்சு பழைய தோட்டங்களின் மண்ணில் இன்னும் இருக்கிறது. இப்பூச்சியைக் கட்டுப்படுத்த 1906இல் இறக்குமதியான காம்ப்சிலுரா என்ற ஒட்டுண்ணி ஈ, அமெரிக்காவுக்கே உரிய பெரிய பட்டு அந்துப்பூச்சிகளையும் அழித்தது.

1981இல் அமெரிக்காவில் இப்பூச்சியால் ஏறத்தாழ 1.3 கோடி ஏக்கர் காடு இலையிழந்தது. 1989 முதல் என்டோமோஃபாகா மைமைகா என்ற பூஞ்சை ஈரமான வசந்தங்களில் புழுக்களைப் பெருமளவில் கொன்றுவருகிறது.