கல், கயிறு, எண்ணெய்

திருப்பூர் பனியனோடு மார்கழிக் காலையில் கிணற்றுக்குள் இறங்கிப் பாருங்கள் (நொய்யல் வேண்டாம்!). கொஞ்ச நேரத்தில் பல் தந்தியடிக்கும். காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாகத் தண்ணீர் உடம்புச் சூட்டைக் கடத்திவிடும். நனைந்த பருத்தி அதைத் தடுக்காது.

நம் முத்துக்குளிப்பவர்களிடம் என்ன இருந்தது? மன்னார் பக்கம் கொண்டச்சிக் குடாவில் நடந்த முத்துக்குளிப்பைப் பற்றி 1803-ல் ராபர்ட் பெர்சிவல் என்ற ராணுவ அதிகாரி எழுதி வைத்திருக்கிறார். கயிறு கட்டிய கல்லை வலது கால் விரல்களால் இடுக்கி, இடது காலில் வலைப்பையைப் பற்றி, ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சர்ரென்று இறங்குவார்கள். சிலர் உடம்பில் எண்ணெய் தடவிக் காதை அடைத்துக்கொள்வார்கள். அவ்வளவுதான் சாதனம்! ஒரே நாளில் நாற்பது, ஐம்பது முங்கு. மேலே வரும்போது மூக்கிலும் காதிலும் ரத்தம் கசியுமாம். முத்து யார் கழுத்துக்குப் போனது என்று கேட்காதீர்கள்.

அது வெதுவெதுப்பான கடல், தாக்குப் பிடித்தார்கள். குளிர்க்கடலில் இந்த வித்தை பலிக்காது. அங்கே ரப்பர் உடுப்புக்குள் கம்பளிப் பின்னலாடையை அடுக்கிக்கொண்டு, உடம்பு நனையாமல் இறங்கினார்கள். 'ஏன் நனையக்கூடாது?' என்று யோசித்தவர் ஹ்யூ பிராட்னர். அணுகுண்டுத் திட்டத்தில் வேலை பார்த்த அமெரிக்க விஞ்ஞானி. நியோப்ரீன் ரப்பருக்குள் அடைபட்ட குமிழிகளே சூட்டைக் காக்கும், உள்ளே தண்ணீர் இருந்தால் இருக்கட்டும் என்று 1950-களின் தொடக்கத்தில் கண்டு சொன்னார். காப்புரிமை வாங்கவில்லை. காசு பார்த்தவர்கள் வேறு ஆட்கள்.