சன்னி என்னும் ஒற்றைச் சொல்

வேலூர் என்றதும் கோட்டையும் 1806ஆம் ஆண்டுச் சிப்பாய்ப் புரட்சியும் நம் நினைவுக்கு வரும். இந்திய மருத்துவ வரலாற்றிலும் அவ்வூருக்கு ஓர் இடம் உண்டு. 1955ஆம் ஆண்டில், அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்திலிருந்து காய்ச்சலும் வலிப்பும் நினைவிழப்புமாகச் சில குழந்தைகள் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். நம் கிராமத்துப் பாட்டிமார் அதனைச் "சன்னி" என்று ஒரே சொல்லில் முடித்திருப்பர். சித்த மருத்துவமோ சன்னியைப் பதின்மூன்றாக வகுத்தது. வகை தெரியாமல் மருந்து இல்லை என்பது நம் முன்னோர்க்கும் தெரிந்தே இருந்தது.

அங்குப் பணியாற்றிய மருத்துவர்கள் வெப், பெரைரா இருவரும் இக்குழந்தைகளின் நோயைக் கூர்ந்து கவனித்து 1956இல் கட்டுரை வெளியிட்டனர். 1952இல் புனேயில் தொடங்கப்பெற்ற வைரஸ் ஆய்வு மையமும் ஆய்வில் துணைநின்றது. அது "ஜப்பானிய மூளைக்காய்ச்சல்" என்று தெளிவாயிற்று. இந்தியாவில் மனிதரிடம் இந்நோய் இனங்காணப்பட்டது அதுவே முதன்முறை.

1924இல் ஜப்பானைப் பெருங்கொள்ளையாகத் தாக்கிய நோய் இது. நீர் நிற்கும் நெல்வயல்களில் பெருகும் கியூலெக்ஸ் கொசுக்கள், கொக்கு நாரைகளிடமிருந்தும் பன்றிகளிடமிருந்தும் வைரஸைக் கொண்டுவருகின்றன. மருத இலக்கியத்தில் நாம் வியந்து படிக்கும் வயலும் நாரையுமே இந்நோயின் களமும் ஆகின்றன!

ஜப்பானில் 1954இலேயே தடுப்பூசிக்கு உரிமம் கிடைத்துவிட்டது. ஆனால் இந்தியாவில் குழந்தைகளுக்குப் பெருமளவில் தடுப்பூசி இயக்கம் தொடங்கியது 2006இல்தான். அதற்கும் 2005இல் உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர் வட்டாரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டாக வேண்டியிருந்தது. மாண்டவருள் பெரும்பாலோர் குழந்தைகள். பெயர் தெரிந்த பின்னும் நாம் அரை நூற்றாண்டு காத்திருந்தோம்.

தடுப்பூசி வந்த பின்னும் கோரக்பூர் மருத்துவமனைப் படுக்கைகள் காலியாகவில்லை. "தீவிர மூளைக்காய்ச்சல்" என்ற பொதுப்பெயரே பதிவேடுகளில் தொடர்ந்தது. சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனத்தார் முதலானோர் 2015ஐ ஒட்டி நிகழ்த்திய ஆய்வுகளில், அவற்றுள் பெரும்பகுதி புதர்ச்சிற்றுண்ணி பரப்பும் ஸ்க்ரப் டைஃபஸ் என்னும் பாக்டீரியா நோய் எனத் தெரியவந்தது. காலத்தே கொடுத்தால் விலை குறைந்த டாக்ஸிசைக்ளின் மாத்திரையே போதும்.

பீகாரின் முசாபர்பூரில் கதை வேறு. 2014இல் மே இறுதி முதல் ஜூலை வரை அங்குள்ள இரு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட 390 குழந்தைகளுள் 122 பேர் இறந்தனர். வேலூரில் பணியாற்றிய வைரஸ் அறிஞர் டி. ஜேக்கப் ஜானும் முகுல் தாஸும், இது தொற்றே அன்று, குருதியில் சர்க்கரை குன்றுவதால் மூளைக்கு நேரும் கேடு என்று எடுத்துரைத்தனர். லிச்சிப் பழத்திலுள்ள நச்சு, இரவுணவு இன்றி உறங்கிய, ஊட்டம் குன்றிய பிள்ளைகளையே வீழ்த்துகிறது. 2017இல் வெளியான ஆய்வும் இதனை உறுதிசெய்தது. உரிய நேரத்தில் ஏற்றும் சர்க்கரை நீரே இங்கு மருந்து. இரவில் ஒரு பிடி சோறே காப்பு.

ஆயினும் 2019இல் அவ்வட்டாரத்தில் 150க்கும் மேற்பட்ட குழந்தைகள் மீண்டும் மாண்டனர்.

வைரஸ், பாக்டீரியா, பசி என மூன்று வேறு காரணங்கள் ஒரு பெயருக்குள் மறைந்து கிடந்தன. சொல்லை ஆராய்வதைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்வரலாறு ஒன்றை உணர்த்துகிறது. தவறான சொல் பாடநூலில் இருந்தால் மதிப்பெண் குறையும். மருத்துவமனைப் பதிவேட்டில் இருந்தால் ஒரு தாயின் மடி வெறுமையாகும்.